பீப்பீ, ஏணை, டைனமோ

பூவரச இலை ஒன்றைப் பறித்துக்கொண்டு வாருங்கள். தளிர் வேண்டாம், துவண்டுவிடும். பழுத்தது வேண்டாம், சுருட்டும்போதே கிழியும். நல்ல பச்சையில் நடுத்தர இலை ஒன்று போதும். காம்பைக் கிள்ளி எறியுங்கள். ஓர் ஓரத்திலிருந்து மற்ற ஓரம்வரை இறுக்கமாகச் சுருட்டினால் சின்னவிரல் மொத்தத்தில் ஒரு குழல் கிடைக்கும். அதன் ஒரு முனையை முன்பல்லால் மெல்ல நசித்துத் தட்டையாக்கி, உதட்டுக்கு உள்ளே வைத்து ஊதுங்கள். முதலில் வெறுங்காற்றுத்தான் வரும். கொஞ்சம் நசித்து, கொஞ்சம் தளர்த்தி, மறுபடி ஊதுங்கள். திடீரென்று "பீஈஈ" என்று ஒரு கத்தல் கிளம்பும். கிட்டப் படுத்திருக்கிற நாய் எழும்பி ஓடும்.

வவுனியாவிலிருந்து மன்னாருக்குப் போகும் வீதியில் இருக்கிற பூவரசங்குளத்துப் பிள்ளைகளுக்கு இதை நான் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. ஆனால் அந்தப் பீப்பீ ஏன் கத்துகிறது என்று கேட்டுப் பாருங்கள். "ஊதினால் கத்தும்தானே" என்பார்கள். பெரியவர்களும் அதைத்தான் சொல்வார்கள். அந்தக் கேள்வியில் தொடங்கி, ஒரு வீட்டுக்குள் பாட்டு எப்படி உண்டாகிறது என்பதுவரை போய்ப் பார்ப்போம்.

நசித்த முனையில் இலையின் இரண்டு மடிப்புகள் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் இருக்கின்றன. நடுவில் ஒரு சின்ன வெடிப்பு. நீங்கள் ஊதும் காற்று அந்த ஒடுங்கிய வழியால் வேகமாகப் பாய்கிறது. காற்று வேகமாகப் பாயும் இடத்தில் அதன் அமுக்கம் குறையும். சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த டானியல் பேர்னூலி 1738இல் வெளியிட்ட நூலில் பாயும் நீரை வைத்து விளக்கிய விதி இது. அமுக்கம் குறைந்ததும் இரண்டு மடிப்புகளும் உள்ளே இழுபட்டு வழியை மூடுகின்றன. மூடியதும் காற்று நிற்கிறது. நின்றதும் இலை தன் விறைப்பால் பழையபடி விரிகிறது. விரிந்ததும் காற்று மறுபடி பாய்கிறது. இப்படி ஒரு செக்கனில் நூற்றுக்கணக்கான தடவை மூடித் திறக்கும்போது வெளியே காற்று துண்டு துண்டாக வருகிறது. அந்தத் துண்டுகளைத்தான் காது "பீஈஈ" என்று கேட்கிறது.

நம்பிக்கை இல்லையா? கொப்பித் தாள் இரண்டை முகத்துக்கு முன்னால் நாலு விரல் இடைவெளியில் தொங்கப் பிடித்து, நடுவில் ஊதுங்கள். தாள்கள் விலகிப் போகும் என்றுதான் நினைப்பீர்கள். அவை ஒட்டிக்கொள்ளும்.

கோயில் திருவிழாவில் நாதஸ்வரக்காரர் வாயில் வைக்கிற சீவாளியைக் கவனித்திருக்கிறீர்களா? காய்ந்த நாணல் தட்டையிலிருந்து செய்த சின்னத் துண்டு. நசித்த இரண்டு இதழ், நடுவில் வெடிப்பு. பூவரச இலைப் பீப்பீயும் அதுவும் ஒரே சாதி. சீவாளிக்குக் கீழே அளவெடுத்துத் துளையிட்ட நீளக் குழல் இருப்பதால் அங்கே தோடி வருகிறது. உங்களிடம் அரைச்சாண் இலைதான் இருப்பதால் இங்கே பீ வருகிறது.

குழலின் நீளம் என்ன செய்யும் என்று பார்க்க ஆசையென்றால் பப்பாசி இலைக் காம்பை எடுங்கள். அது உள்ளே வெறுமையானது. ஒரு முனையில் மெல்லிய கீறல் போட்டு ஊதிப் பழகுங்கள். ஊதிக்கொண்டிருக்கும்போதே மற்ற முனையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெட்டச் சொல்லுங்கள். குழல் குறுகக் குறுகச் சுருதி ஏறும். வெட்டியதும் பால் வடியும். கழுவிவிட்டு வாயில் வையுங்கள், கண்ணைத் தொடாதீர்கள்.

இப்போது பீப்பீயைக் கீழே வைத்துவிட்டு, தொண்டையில் விரலை வைத்து "ஆ" என்று பாடுங்கள். விரலில் ஓர் அதிர்வு தெரிகிறது அல்லவா? அங்கேயும் இரண்டு மடிப்புகள் இருக்கின்றன. குரல் நாண்கள் என்று பாடப்புத்தகம் சொல்லும். நுரையீரலிலிருந்து வரும் காற்று அவற்றைப் பூவரச இலையைப் போலவே மூடித் திறக்க வைக்கிறது. அப்பாவின் குரல் நாண் நீளமானது, தடித்தது; பேசும்போது ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 120 தடவை அதிரும். அம்மாவினது ஏறத்தாழ 200 தடவை. செக்கனுக்கு எத்தனை தடவை என்ற இந்தக் கணக்குக்கு மீடிறன் என்று பெயர். பிறந்த குழந்தை அழும்போது அது 400ஐத் தாண்டிவிடும். அவ்வளவு சின்ன நாண் அதற்கு. அம்மம்மா மூன்று நிமிடம் தாலாட்டுப் பாடினால் அவருடைய தொண்டைக்குள் அந்த மடிப்புகள் முப்பதாயிரம் தடவைக்கு மேல் அடித்துக்கொள்கின்றன. அவர் களைத்துப்போவதில் நியாயம் இருக்கிறது.

அந்தப் பாட்டை முதலில் கேட்பவர் யார்? இன்னும் பிறக்காத பிள்ளை. கருவில் இருக்கும் பிள்ளைக்கு ஏறத்தாழ 25ஆவது வாரமளவில் காது வேலை செய்யத் தொடங்குகிறது. அம்மாவின் உடலும் பனிக்குட நீரும் சுற்றிலும் இருப்பதால் கூர்மையான ஒலிகள் உள்ளே போகும்போது மங்கிவிடும், தாழ்ந்த ஒலிகள் போகும். மூடிய கதவுக்கு வெளியே நின்று உள்ளே யாரோ பாடுவதைக் கேட்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். சொல் விளங்காது. ராகம் விளங்கும், தாளம் விளங்கும். எனவே ஒரு பிள்ளை தமிழைப் பேச்சாகக் கற்பதற்கு முன்பே பாட்டாகக் கற்கத் தொடங்குகிறது என்று சொன்னால் பெரிய பிழை இல்லை.

இதைச் சும்மா சொல்லவில்லை. 1980இல் அமெரிக்காவில் அந்தனி டிகாஸ்பர், வில்லியம் ஃபைபர் என்ற இருவர், பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகளின் வாயில் சூப்பியைக் கொடுத்தார்கள். ஒரு விதமாகச் சூப்பினால் தாயின் குரல் கேட்கும், வேறு விதமாகச் சூப்பினால் வேறொரு பெண்ணின் குரல் கேட்கும். குழந்தைகள் தாயின் குரல் வரும்படி தங்கள் சூப்பும் கதியையே மாற்றிக்கொண்டன. 2009இல் ஜேர்மனியில் இன்னொரு வேடிக்கை வெளியானது. கத்லீன் வெர்ம்கே என்பவரின் குழுவினர் 30 பிரெஞ்சுக் குழந்தைகளும் 30 ஜேர்மன் குழந்தைகளும் அழுவதைப் பதிவு செய்து ஒப்பிட்டார்கள். எல்லாம் பிறந்து சில நாள் ஆன குழந்தைகள். பிரெஞ்சுக் குழந்தைகளின் அழுகை பெரும்பாலும் கீழிருந்து மேலே ஏறியது. ஜேர்மன் குழந்தைகளின் அழுகை மேலிருந்து கீழே இறங்கியது. அந்தந்த மொழியின் பேச்சு ராகமும் அப்படித்தான் போகும். தமிழ்க் குழந்தை எப்படி அழுகிறது? பக்கத்து வீட்டில் குழந்தை பிறந்தால் காதைக் கொடுத்துக் கேளுங்கள். நல்ல ஆராய்ச்சிக் கேள்வி.

தாளமும் அப்படியே. அதே 2009ஆம் ஆண்டு ஹங்கேரியில் இஷ்த்வான் விங்க்லர் குழுவினர், பிறந்து இரண்டு மூன்று நாள் ஆன, தூங்கிக்கொண்டிருந்த குழந்தைகளுக்கு மேளத் தாளம் ஒன்றைப் போட்டுக் காட்டினார்கள். இடையில் சில தடவை தாளத்தின் முதல் அடியை வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள். தலையில் ஒட்டியிருந்த மின்வாய்களில், குழந்தையின் மூளை "எங்கே அந்த அடி?" என்று திடுக்கிட்டது பதிவானது. தூக்கத்திலும் தாளம் பிசகினால் தெரிகிறது!

தாளம் ஓயாத வீட்டில் வளரும் பிள்ளையை எண்ணிப் பாருங்கள். இணுவிலில் 1933இல் பிறந்து, அளவெட்டியில் வாழ்ந்து, 1975இல் மறைந்த தவில் மேதை தெட்சணாமூர்த்தி அப்படி வளர்ந்தவர். அவருடைய தந்தை விஸ்வலிங்கமும் தவில்காரர். தவில் கற்கும் பிள்ளை சொற்கட்டை வாயால் சொல்லிச் சொல்லிக் காதிலும் நாவிலும் ஏற்றிக்கொள்ளும். மேளம் இருக்கிற வீடுகளில் பாடம் என்று தனியாக மணி அடிப்பதில்லை. சாப்பாட்டுக்கும் குளிப்புக்கும் நடுவில் அது நடந்துகொண்டேயிருக்கும்.

எல்லா வீட்டிலும் தவில் இருக்காது. ஆனால் குழந்தை பிறந்த வீட்டில் ஏணை இருக்கும். வளையிலிருந்து கயிற்றில் தொங்கும் சேலை. அதை ஆட்டியபடி பாடும் பாட்டின் வேகத்தை யார் தீர்மானிக்கிறார்? பாடுகிற அம்மாவா? முழுக்க அவர் அல்ல. கயிறு!

ஏணை ஓர் ஊசல். ஊசல் ஒரு தடவை போய்வர எடுக்கும் நேரம் அதன் நீளத்தைப் பொறுத்தது. தொங்கும் பாரத்தைப் பொறுத்ததல்ல. பிடியிலிருந்து குழந்தை கிடக்கும் இடம்வரை ஒரு மீற்றர் என்றால் போய்வர ஏறத்தாழ இரண்டு செக்கன். இரண்டு மீற்றர் என்றால் நாலு செக்கன் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை, ஏறத்தாழ 2.8 செக்கன்தான். நேரத்தை இரட்டிப்பாக்க வேண்டுமென்றால் கயிறு நாலு மடங்கு நீள வேண்டும். பிள்ளை கொழுத்தாலும் ஏணை அதே வேகத்தில்தான் ஆடும். அந்த ஆட்டத்துக்கு மாறாக வேகமாகப் பாடினால் கை ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம் போகும். எனவே பாட்டு கயிற்றுக்கு அடங்கி மெதுவாகிறது. கூரை உயர்ந்த வீட்டில் தாலாட்டு கொஞ்சம் ஆறுதலாக நடக்கும். உங்கள் வீட்டில் ஒரு கல்லைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, கைக்கடிகாரத்தால் பத்து ஆட்டத்துக்கு நேரம் எடுத்து, பத்தால் பிரித்துப் பாருங்கள். தம்பி தூங்கும் ஏணையில் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம், எழும்பினால் அம்மாவிடம் பேச்சு வாங்குவது நீங்கள்தான்.

பாட்டு உண்மையிலேயே குழந்தையை அமைதியாக்குமா, அல்லது பேசினாலும் போதுமா? கனடாவின் மொன்றியல் பல்கலைக்கழகத்தில் பார்த்தார்கள். ஆறு முதல் ஒன்பது மாதக் குழந்தைகளுக்கு அவை கேட்டறியாத துருக்கி மொழிப் பாட்டைப் போட்டபோது, சிணுங்கத் தொடங்குவதற்கு ஏறத்தாழ ஒன்பது நிமிடம் ஆனது. பேச்சைப் போட்டபோது நாலு நிமிடம்தான். மொழி தெரியாத பாட்டுக்கே அவ்வளவு பலன் என்றால், பழகிய குரலுக்கு என்ன சொல்வது?

சரி, இதுவரை பீப்பீ, தொண்டை, ஏணை. மூன்றிலும் ஒரு பொது விடயம் இருக்கிறது. யாரோ ஒருவர் உடம்பால் எதையோ அசைத்தால்தான் பாட்டு. ஒலி என்பதே அசைவு. "இப்போது பொத்தானை அமத்தினால் பாட்டு வருகிறதே, யார் அசைக்கிறார்?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. அதற்குப் பதில் உங்கள் அப்பாக்களிடமும் அம்மாக்களிடமும் இருக்கிறது. வன்னியில் இன்று முப்பத்தைந்து, நாற்பது வயதைக் கடந்தவர்களிடம் "சின்னனில் எப்படிப் பாட்டுக் கேட்டீங்கள்?" என்று கேளுங்கள். பலர் சிரித்துவிட்டு, "சைக்கிள் மிதிச்சு" என்பார்கள்.

1990களில் வன்னியின் பெரும்பகுதியில் மின்சாரம் இல்லை. போர்க்காலத் தடையால் வானொலிக்குப் போடும் பற்றரியும் வரவில்லை. எங்கேயாவது ஒன்று கிடைத்தாலும் விலை கேட்டால் மயக்கம் வரும். படிப்பு குப்பி விளக்கில் நடந்தது. அப்படியிருக்கப் பாட்டுக்கு என்ன வழி? முற்றத்தில் சைக்கிள் நின்றது. அதன் சில்லோடு ஒட்டியபடி, விளக்கு எரிக்கும் டைனமோ இருந்தது.

சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைப்பார்கள், அல்லது ஸ்டாண்டில் ஏற்றிப் பின்சில்லு நிலத்தில் படாமல் நிறுத்துவார்கள். டைனமோவின் தலை ரயரின் பக்கவாட்டில் உரசும்படி தட்டிவிடுவார்கள். ஒரு வயர் டைனமோவின் அடியிலிருந்து, மற்ற வயர் சைக்கிளின் இரும்பிலிருந்து. இரண்டும் ரேடியோவின் பற்றரி இடத்துக்குப் போகும். பிறகு ஒரு பிள்ளை பெடலைச் சுற்றும். வீடே சுற்றி இருந்து கேட்கும்.

அந்தச் சின்னப் போத்தல் போன்ற டைனமோவுக்குள் ஒரு காந்தமும், அதைச் சூழ்ந்து செப்புக்கம்பிச் சுருளும் இருக்கின்றன. காந்தம் சுற்றும்போது கம்பியில் மின்சாரம் பிறக்கிறது. இங்கிலாந்தில் மைக்கல் பரடே 1831இல் கண்டுபிடித்த மின்காந்தத் தூண்டல் இதுதான். லக்சபான மின்நிலையத்தில் நீர் விழுந்து நடப்பதும் இதுவே. அங்கே ஆறு சுற்றுகிறது, இங்கே அண்ணா சுற்றுகிறார். டைனமோவின் தலை மிகச் சின்னது, சில்லோ பெரியது. ஆகவே சில்லு ஒரு தடவை சுற்றினால் உள்ளே காந்தம் ஏறத்தாழ 30 தடவை சுற்றிவிடும். பெடலின் ஒரு சுற்றுக்குச் சில்லு இரண்டு தடவைக்கு மேல் சுற்றுவதால், பெடலின் ஒரு சுற்றுக்குக் காந்தம் எழுபது தடவை அளவில் சுற்றும்.

இன்னொரு பொருத்தமும் தற்செயலாகக் கிடைத்தது. சைக்கிள் டைனமோ 6 வோல்ற்றுக்குச் செய்தது. அந்தக்கால ரேடியோ பலவற்றில் நாலு பற்றரி போடுவார்கள். ஒன்று 1.5 வோல்ற், நாலையும் கூட்டினால் 6. ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. பற்றரி தருவது ஒரே திசையில் ஓடும் நேரோட்டம். டைனமோ தருவது முன்னும் பின்னும் போய்வரும் ஆடலோட்டம். அதை நேராக்க, பழுதான ரேடியோக்களிலிருந்து கழற்றிய இருவாயிகளை நடுவில் பற்றவைத்தார்கள். உறுமல் சத்தத்தைக் குறைக்க ஒரு கொள்ளளவி. இருவாயி, கொள்ளளவி என்பதை நீங்கள் மேல்வகுப்பில் படம் வரைந்து படிப்பீர்கள். அன்று முற்றத்தில் பாட்டுக் கேட்க ஆசைப்பட்டவர்கள் அதைச் செய்தே படித்தார்கள். இலத்திரனியலை இவ்வளவு நல்ல காரணத்துக்காகப் படித்த பிள்ளைகள் உலகில் வேறெங்கும் அதிகம் இருந்திருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

பெடல் சுற்றுகிறவருக்கு ஒன்று உடனே புரியும். வயரைக் கழற்றிவிட்டுச் சுற்றினால் லேசு. பாட்டுப் போகும்போது சுற்றினால் பாரம். கம்பியில் ஓடும் மின்சாரம் தானும் ஒரு காந்தமாகி, சுற்றும் காந்தத்தை மறித்துப் பிடிக்கிறது. இலவசமாக எதுவும் வராது. காலையில் தின்ற புட்டு தசைக்குப் போய், தசை சில்லைச் சுற்றி, சில்லு காந்தத்தைச் சுற்றி, மின்சாரமாகி, ஒலிபெருக்கியின் கடதாசிக் கூம்பை அசைத்து, கூம்பு காற்றை அசைத்து, காற்று அம்மம்மாவின் செவிப்பறையை அசைத்தது. அங்கிருந்து மூன்று குட்டி எலும்புகள் அதை உள்ளே கடத்தின. அவற்றில் கடைசியான ஏந்தியுரு நம் உடம்பிலேயே மிகச் சின்ன எலும்பு, மூன்று மில்லிமீற்றர் அளவுதான். புட்டுப் பாட்டானது இப்படித்தான்.

அதோடு, கசற் கேட்கும் வீடுகளில் ஒரு கூத்து நடக்கும்.

"டேய் தம்பி, கை ஓயுதோ? பாட்டு இழுக்குதடா!"

"நான் எவ்வளவு நேரம் சுத்துறது அம்மம்மா? தங்கச்சியை மாறச் சொல்லுங்கோ."

பெடல் மெதுவானால் பாடகி பாடகனாவார். இன்னும் மெதுவானால் பாடகர் பூதமாவார். ஏன்? கசற்றின் நாடாவில் பாட்டு, காந்தத் துகள்களின் ஒழுங்காகப் பதிந்திருக்கிறது. அந்த நாடா தலையைக் கடந்து செக்கனுக்கு 4.76 சென்ரிமீற்றர் வேகத்தில் போக வேண்டும். ஒரு மணிநேரக் கசற்றில் ஏறக்குறைய 90 மீற்றர் நாடா சுருண்டிருக்கிறது. மோட்டருக்குப் போகும் மின்சாரம் குறைந்தால் நாடா மெதுவாகும். வேகம் பாதியானால் செக்கனுக்கு 400 தடவை அதிர வேண்டிய ஒலி 200 தடவைதான் அதிரும். சுருதி ஒரு ஸ்தாயி கீழே இறங்கும். பாட்டும் இரண்டு மடங்கு நீளும். நல்ல மோட்டர்களில் வேகத்தைச் சமாளிக்கும் ஏற்பாடு உண்டு. தம்பி முழுவதுமாக ஓய்ந்துபோனால் அதுவும் கைவிட்டுவிடும்.

இப்போது உங்களுக்கு ஒரு புதிர். அதே சைக்கிளில் வானொலி கேட்கும்போது பெடல் மெதுவானால், பாட்டு கரகரத்துத் தேய்ந்து நின்றுபோகும். ஆனால் பாடகி பாடகனாக மாறவே மாட்டார். ஏன்? படித்துக்கொண்டு போகாமல் ஒரு நிமிடம் யோசியுங்கள்.

வானொலியில் பாட்டின் வேகத்தைத் தீர்மானிப்பது உங்கள் முற்றம் அல்ல. நாடாவோ தட்டோ சுற்றுவது நிலையத்தில். அது கொழும்பில் இருக்கலாம், திருச்சியில் இருக்கலாம், வெரித்தாஸ் என்றால் கடல்தாண்டி மணிலாவில் இருக்கலாம். உங்கள் ரேடியோ வந்த அலையைப் பெருக்கிக் கொடுக்கிறது, அவ்வளவுதான். பெருக்கப் பலம் போதாவிட்டால் ஒலி குறையும், சுருதி குறையாது.

வேகம் பிழைத்தால் ஆள் மாறிப்போவது வன்னியில் மட்டும் நடந்ததல்ல. 1860ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் திகதி, பாரிஸ் நகரத்தில் எதுவார் லியோன் ஸ்கொட் என்ற அச்சுத் தொழிலாளி, புகைக்கரி பூசிய தாளில் ஒரு மெல்லிய மயிர்முனையால் சிறுவர் பாட்டொன்றின் அதிர்வை வரைந்து வைத்தார். ஒலியை வரையத்தான் அவருக்குத் தெரியும், திருப்பிக் கேட்க வழியில்லை. 2008இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அந்தத் தாளைக் கணினியால் வாசித்துப் பாட்டாக மாற்றினார்கள். ஒரு சின்னப்பெண் பாடுவதுபோல் கேட்டது. எல்லாருக்கும் ஆச்சரியம். பிறகு பார்த்தால், வேகத்தை இரண்டு மடங்கு கூட்டிவிட்டார்கள்! சரியான வேகத்தில் விட்டபோது அது மெல்ல மெல்லப் பாடும் ஓர் ஆண். பெரும்பாலும் ஸ்கொட்டே. ஆக, இன்று நாம் கேட்கக்கூடிய மிகப் பழைய பாட்டுப் பதிவு பிள்ளைகளின் பாட்டு. பதினேழு வருடம் கழித்து, 1877இல், எடிசன் பதிந்ததையே திருப்பிச் சொல்லும் கருவியைச் செய்து அதில் முதலில் சொன்னதும் ஓர் ஆட்டுக்குட்டியைப் பற்றிய சிறுவர் பாட்டுத்தான். பெரிய பெரிய கண்டுபிடிப்பாளர்களுக்கும், பேசிப் பார்க்க ஒன்று வேண்டுமென்றதும் வாயில் வந்தது வீட்டில் கேட்ட பாட்டு.

இந்த இடத்தில் ஒரு புரளியையும் சொல்லிவிட வேண்டும். "பாட்டுக் கேட்டால் மூளை வளரும், கணக்கு நன்றாக வரும்" என்று யாராவது உங்கள் அம்மாவிடம் சொல்லியிருப்பார்கள். 1993இல் கலிபோர்னியாவில் நடந்த ஒரு சோதனையிலிருந்து கிளம்பிய கதை அது. மோசார்ட்டின் இசையைக் கேட்ட மாணவர்கள் ஒருவகைப் புதிரைக் கொஞ்சம் கூடுதலாகச் செய்தார்கள். அவர்கள் குழந்தைகள் அல்லர், பல்கலைக்கழக மாணவர்கள். பலனும் கால் மணிநேரத்துக்கு மேல் நிற்கவில்லை. அதற்குள் 1998இல் ஜோர்ஜியா மாநில ஆளுநர், பிறக்கும் குழந்தை ஒவ்வொன்றுக்கும் இசைத்தட்டுக் கொடுக்கப் பணம் ஒதுக்கக் கேட்டுவிட்டார்! கணக்கு வர வேண்டுமென்றால் கணக்குச் செய்யத்தான் வேண்டும், பிள்ளைகளே.

சேர்ந்து பாடுவதன் பலன் வேறு இடத்தில் இருக்கிறது. ஜேர்மனியின் லைப்சிக் நகரத்தில் செபஸ்தியான் கிர்ஷ்னர், மைக்கல் தொமசெல்லோ என்ற இருவர் 2010இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகப் பிடித்தது. நாலு வயதுப் பிள்ளைகள் 96 பேர். தரையில் ஒரு துணிக் குளம், அதைச் சுற்றி மரத்தவளைகள். தூங்கும் தவளைகளை எழுப்ப வேண்டும். பாதிப் பிள்ளைகள் தவளைகளைத் தட்டி ஒலியெழுப்பி, பாடி, சேர்ந்து ஆடினார்கள். மீதிப்பேர் அதே விளையாட்டைப் பாட்டில்லாமல் விளையாடினார்கள். பிறகு வேறொரு விளையாட்டு. அதில் ஒரு பிள்ளையின் குழாயின் அடி கழன்று மாபிள்கள் கொட்டும்படி இரகசியமாகச் செய்து வைத்திருந்தார்கள். எந்தப் பிள்ளைகள் தம் விளையாட்டை விட்டுவிட்டு உதவிக்கு ஓடினார்கள்? பாடி விளையாடியவர்கள்தான் அதிகம். கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் லோரா சிரெலி குழுவினர் 2014இல் 14 மாதக் குழந்தைகளிடமே இதைக் கண்டார்கள். பாட்டுக்குக் குழந்தையைத் துள்ளவைக்கும்போது எதிரே நின்று அதே தாளத்தில் துள்ளிய ஆள், பிறகு ஒரு பொருளைத் தவறவிட்டால், குழந்தை அதை எடுத்துக் கொடுத்தது. தாளம் தப்பித் துள்ளியவருக்கு அவ்வளவு உதவி கிடைக்கவில்லை.

இரண்டிலும் பிள்ளைகள் சும்மா கேட்டுக்கொண்டிருக்கவில்லை. தட்டினார்கள், பாடினார்கள், துள்ளினார்கள். முற்றத்தில் பெடல் சுற்றிய பிள்ளையும் வெறுமனே கேட்டவர் அல்லர். அண்ணா சுற்ற, தங்கச்சி மாற, அம்மம்மா அதட்ட, பக்கத்து வீட்டார் வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கக் கேட்ட பாட்டு அது. தடையும் இருட்டும் நல்லவை என்று யாரும் சொல்ல மாட்டார்கள், நானும் சொல்லவில்லை. ஆனால் இன்று ஒரே வீட்டில் நாலு பேர் நாலு தொலைபேசியில் நாலு பாட்டைக் காதுக்குள் செருகிக்கொண்டு கேட்பதைப் பார்க்கும்போது, பாட்டில் பாதியை நாம் வெளியே விட்டுவிட்டோம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

காதுக்குள் செருகுவது என்றதும் ஓர் எச்சரிக்கை. உள்காதில் நத்தைச்சுருள் என்ற உறுப்பில் ஒலியைப் பிடிக்கும் மயிர்க்கலங்கள் ஏறத்தாழ 15,000 இருக்கின்றன. பிறக்கும்போது கிடைத்தவைதான், பிறகு புதிதாக முளைப்பதில்லை. அதிக ஒலியில் நீண்டநேரம் கேட்டால் அவை செத்துப்போகும். இதில் கோழி நம்மைவிட அதிர்ஷ்டசாலி, அதற்கு மறுபடி முளைக்கும். பிள்ளைகள் கேட்கும் ஒலி 75 டெசிபலில் வாரத்துக்கு 40 மணிநேரத்தைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. செருகியைப் போட்டபடியே பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்க வேண்டும். கேட்காவிட்டால் ஒலி கூடிவிட்டது.

இனி உங்களுக்கு ஒரு வேலை. தொலைபேசியை எடுங்கள். காதில் செருக அல்ல, பதிவு செய்ய. உங்கள் அம்மம்மா, அப்பம்மா, வயலில் அருவி வெட்டிய தாத்தா, கோவலன் கூத்தில் நின்ற பெரியப்பா, யாரிடமாவது போய், அவர்கள் சின்னனில் கேட்ட பாட்டு ஒன்றைப் பாடச் சொல்லுங்கள். "எனக்கெங்கை பாட்டு வரும், போ" என்றுதான் முதலில் சொல்வார்கள். போகாதீர்கள். நீங்கள் ஒரு பாட்டைப் பாடுங்கள், பிறகு அவர்கள் பாடுவார்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், தொலைபேசியை வாயிலிருந்து ஒரு முழத் தூரத்தில் வையுங்கள். இடையில் அடி மறந்துபோனால் மறந்ததாகவே பாடட்டும், திருத்தாதீர்கள். முடிந்ததும் பாடியவர் பெயர், ஊர், திகதி, அந்தப் பாட்டை அவர் யாரிடம் கேட்டார் என்ற நாலையும் உங்கள் குரலிலேயே சொல்லிப் பதியுங்கள். பிறகு அதே பதிவை இன்னும் இரண்டு தொலைபேசிகளுக்கு அனுப்பி வையுங்கள். ஒன்று தண்ணீரில் விழுந்தாலும் மற்றவை இருக்கும்.